அறுவை மேசை வாங்கும்முன் குனிந்து அடியைப் பாருங்கள்

படித்து முடித்துச் சொந்த ஊரிலேயே கால்நடை கிளினிக் திறக்கும் தம்பி தங்கைகள் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "அக்கா, இந்த மேசை எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். படத்தில் மேல்தட்டு பளபளவென்று மின்னும். அடிப்பக்கம் தெரியாது. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அடியில் எடுத்த படம் இருக்கா?"

மேல்தட்டு எல்லா மேசையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேசை ஆடுவது, உயர்த்தி இறக்கும் பம்பிலிருந்து எண்ணெய் ஒழுகுவது, துருப்பிடிப்பது, அறுவையின் பாதியில் இறங்க மறுப்பது எல்லாம் கீழே நடக்கிற சமாச்சாரம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் மேசையில் ஏறப்போவது யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தாமான்களிலிருந்து (வீடமைப்புப் பகுதிகளிலிருந்து) கருத்தடைக்கு வரும் பூனைகள்தான் அதிகம். அப்புறம் கருப்பையில் சீழ் பிடித்த பெட்டை நாய்கள், செம்பனைக் காட்டில் பன்றியைத் துரத்தப் போய் வயிறு கிழிந்து வரும் தோட்டத்து நாய்கள், குட்டி போட முடியாமல் தவிக்கும் ஆடுகள். 2 கிலோ பூனைக்கும் 45 கிலோ ரோட்வைலருக்கும் அதே மேசைதான். மாட்டுக்கு மேசையே வேண்டாம். விலாவை மரக்கச் செய்து, நிற்க வைத்தே பெரும்பாலான வயிற்று அறுவைகளைச் செய்துவிடலாம். "மாடும் வருமே, பெரிய மேசையாகப் போட்டுவிடுவோம்" என்று காசைக் கரைக்க வேண்டியதில்லை.

விற்பவர் 150 கிலோ தாங்கும் என்பார். எந்த இடத்தில் வைத்தால் என்று கேளுங்கள். நடுத்தூணுக்கு நேர் மேலே வைத்த பாரமும் ஓரத்தில் வைத்த பாரமும் ஒன்றல்ல. நாயை இரண்டு பேர் தூக்கி வைக்கும்போது பாரம் முதலில் விழுவது ஓரத்தில். இதற்கு நான் சொல்லும் சோதனை மலிவானது. தோட்டத்தில் 50 கிலோ உர மூட்டை கிடைக்கும். அதை மேசையின் ஒரு கோடியில் போட்டு, பெடலை மிதித்து உயர்த்துங்கள். தட்டின் உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு, அப்படியே கால் மணி நேரம் விட்டு மறுபடி அளங்கள். மெல்ல இறங்கியிருந்தால் உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் சரியில்லை. தூணைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். மூட்டையைப் பார்த்ததும் விற்பவர் முகம் சுளித்தால் அதுவே பாதிப் பதில்.

அடுத்தது உயரம். எல்லோரும் மேசை எவ்வளவு உயரும் என்று கேட்கிறார்கள். எனக்கு எவ்வளவு தாழும் என்பதே முக்கியம், காரணம் நான் குட்டை. மல்லாக்கப் படுத்த பெரிய நாயின் வயிறு தட்டுக்கு மேலே ஒரு சாணுக்கும் கூடுதலாக எழுந்து நிற்கும். கத்தி படும் அந்த இடம் உங்கள் முழங்கை மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். ஆக, உங்கள் முழங்கை உயரத்திலிருந்து அந்த நாயின் மார்பு ஆழத்தைக் கழித்துப் பாருங்கள். தட்டு அந்த அளவுக்கு இறங்க வேண்டும். பல மேசைகள் 75, 80 சென்டிமீட்டரோடு நின்றுவிடுகின்றன. அப்புறம் ஈரத் தரையில் முக்காலி போட்டு ஏறி நின்று தைக்க வேண்டியதுதான். தோள் வலிக்கு யாரும் நஷ்ட ஈடு தர மாட்டார்கள்.

ஏற்றி இறக்குவதற்குக் கால் பெடல் இருக்கட்டும். கையால் சுற்றும் கைப்பிடி என்றால் கையுறை போட்ட பிறகு உதவியாளரைத்தான் கூப்பிட வேண்டும். நம் கிளினிக்குகளில் இருப்பதே ஒரு உதவியாளர். அவர் மயக்க மருந்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடுவில் மடங்கி 'வி' வடிவில் நிற்கும் தட்டைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மல்லாக்கப் படுத்த நாய் புரளாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் மடிப்பைச் செங்குத்தாக வைத்தால் இரண்டு பக்கமும் நெஞ்சை நெருக்கி மூச்சுக்கு இடைஞ்சல் செய்யும். வெப்ப விரிப்பு அதில் சீராக உட்காராது. நடு இடுக்கில் போகும் இரத்தத்தைச் சுத்தம் செய்வது தனி வேலை. ஒரே ஒரு மேசை வாங்க முடியும் என்றால் நான் தட்டையான தட்டையும், தனியே ஒரு பஞ்சுத் தொட்டில் அணையையும் எடுப்பேன். தலைப்பக்கம் தாழ்த்தும் வசதி மட்டும் அவசியம் வேண்டும். கருத்தடையின்போது கொஞ்சம் தாழ்த்தினால் குடல் முன்னே நகர்ந்து வழி விடும். அதிகம் தாழ்த்தினால் வயிற்றில் உள்ளதெல்லாம் உதரவிதானத்தை அழுத்தும், சினை வயிறு என்றால் இன்னும் மோசம். பக்கவாட்டுச் சாய்வு நம் வேலைக்கு ஆடம்பரம்.

இனி, பிராணி வளர்ப்பவர்களும் படிக்க வேண்டிய பகுதி. வெறும் ஸ்டீல் தட்டு உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாய் பூனைகளின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி. மயக்கம் கொடுத்ததும் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரியும், நடுக்கம் நின்றுவிடும், வயிற்று முடியைச் சிரைத்து ஈரப்படுத்தியிருப்போம், மேலே ஏர்கான் ஓடும். முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில்தான் சூடு வேகமாக இறங்குகிறது. குளிர்ந்துபோன பூனை மயக்கம் தெளிய நேரமாகும், இரத்தம் உறைவது மந்தமாகும். "வெளியே இவ்வளவு வெயில், உள்ளே எப்படி டாக்டர் குளிரில் சாகும்?" என்று கேட்ட ஐயா ஒருவரின் கையை எடுத்துத் தட்டின் மேல் வைத்தேன். மறுபேச்சில்லை.

தட்டையே சூடாக்கும் மேசைகள் உண்டு. வாங்கினால் வெப்பநிலைக் கட்டுப்பாடு சரியாக வேலை செய்கிறதா என்று வேறொரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். மனிதர்களின் முதுகுவலிக்கு விற்கும் மின்சார ஒத்தடப் பையை மட்டும் கீழே வைக்காதீர்கள். நமக்குச் சுட்டால் நகர்ந்துகொள்வோம். மயங்கிய விலங்கு நகராது. அந்தச் சூட்டுக் காயம் அன்றே தெரியாது, பல நாள் கழித்துத் தோல் கறுத்து உரியும்போதுதான் தெரியும். வெந்நீர் ஓடும் விரிப்போ வெப்பக் காற்று ஊதும் போர்வையோ பாதுகாப்பானது. இரண்டும் இல்லாத நாளில் தடித்த துண்டும் பொட்டலம் கட்டும் குமிழித் தாளும் பாதி வேலையைச் செய்யும். பாதங்களுக்குக் குழந்தைக் காலுறை மாட்டுவோம். அறுவைக்கு ஒப்புக்கொள்ளும்முன் "கீழே என்ன விரிப்பீர்கள்?" என்று கேட்கப் பிராணி வளர்க்கும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரும்புக்கு வருவோம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று ஒரு நம்பிக்கை. ஸ்டீல் ரகங்களை எண்ணால் குறிப்பார்கள். மலிவான 430 ரகத்தில் காந்தம் ஒட்டும், சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 201 ரகத்திலும் ஒட்டாது, அதில் நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் துருப்புள்ளி விழும். மறுபக்கம், நமக்கு வேண்டிய நல்ல ரகமான அசல் 304 தகட்டிலேயே மடித்த ஓரத்தில் காந்தம் லேசாக இழுக்கும். அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். பில்லில் '304' என்று எழுதி வாங்குவதே வழி. 316 ரகத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் ஏறும். ஒழுங்காகக் கழுவுகிறவர்களுக்கு 304 போதும்.

ஒழுங்காக என்றால் எப்படி? பார்வோ (நாய்க்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் வைரஸ்) வந்த குட்டியைப் பார்த்த கிளினிக்கில் ப்ளீச்சைத் தவிர்ப்பது கடினம். பல சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அந்த வைரஸ் மசியாது. முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச்சின் வேகம் போய்விடும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர், 10 நிமிடம், அப்புறம் நல்ல தண்ணீரால் துடைத்து உலர விடுவது. இந்தக் கடைசிப் படிதான் வழக்கமாக விட்டுப்போகும். ப்ளீச்சிலிருந்து தங்கிய குளோரைடு ஸ்டீலில் சின்னச் சின்னக் குழியாக அரிக்கும். சிந்திய சலைனும் இரத்தமும் அதையே செய்யும். துடைப்பது மேலே, வழிந்து போய்த் தங்குவது கீழே: திருகுகளில், பற்றவைத்த மூட்டுகளில், சக்கரக் கவட்டையில். கால்கள் முனை மூடாத குழாய்களாக இருந்தால் தண்ணீர் உள்ளே நின்று உள்ளிருந்தே துருப்பிடிக்கும், கரப்பானும் குடியேறும். கைபேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். படுத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

மின்சார மேசை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்கால இடிமழையில் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல, பழைய கடைவீடுகளின் வயரிங்கும் நம்பும்படி இல்லை. உயரத்தில் நின்றுபோனால் சமாளிக்கலாம், தலை தாழ்ந்தபடி நின்றுபோனால் ஆபத்து. உயரத்துக்கு மின்சாரம் இருந்தாலும் சாய்வு கையால் இயங்கட்டும். கால் பம்ப் மேசைக்கு இன்னொரு வசதி, முடிவெட்டும் கடை நாற்காலியில் இருப்பதும் இதே வகைப் பம்ப்தான். கோலாலம்பூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்காமல் ஹைட்ராலிக் தெரிந்த உள்ளூர் பட்டறையிலேயே சீல் மாற்றலாம்.

மனித மருத்துவமனையில் கழித்த மேசை மலிவாக வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அடி அருமையாக இருக்கும், மேலேதான் தொல்லை. துண்டு துண்டான மெத்தைகளின் தையலில் இரத்தம் இறங்கும், நாயைக் கட்டக் கொக்கி இருக்காது. மெத்தையைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தகடு போட முடிந்தால் வாங்கலாம். காசு இறுக்கமாக இருந்தால், கோப்பிக் கடைகளுக்குத் தொட்டி செய்து தரும் ஸ்டீல் பட்டறையில் நிலையான மேசை ஒன்று அடித்துக்கொள்ளலாம். 1.5 மில்லிமீட்டர் தகடு, ஆர்கான் பற்றவைப்பு, உருட்டிய மூலைகள், தரைச் சரிவுக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்யும் பாதங்கள். உயரம் உங்களுக்கு மட்டுமே பொருந்தும், அவ்வளவுதான்.

ஆட்டைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. சினை ஆட்டை வலப்பக்கம் சாய்த்து, இடது விலாவில் அறுத்துக் குட்டியை எடுப்போம். மயங்கினாலும் ஆட்டுக்கு எச்சில் ஊறுவது நிற்காது, இரைப்பையில் இருப்பதும் எதிர்த்து வரும். கழுத்தின் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, வாய் தட்டின் ஓரத்துக்கு வெளியே கீழ்நோக்கித் தொங்கும்படி விட்டால் எல்லாம் வாளிக்குள் வடியும். ஓரத்தில் உயர்ந்த விளிம்பு வைத்த மேசையில் இது முடியாது. தலைப்பக்க விளிம்பு கழற்றக்கூடியதா என்று கேட்டுவிடுங்கள்.

புது மேசை வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள். பல் சுத்தம் செய்யும்போது கிருமி கலந்த நீர்த்துளி சுற்றிலும் தெறிக்கும். வயிறு திறக்கும் மேசையில் அந்த வேலை கூடாது. பல், சீழ்க்கட்டி, புழு வைத்த புண் எல்லாம் பழைய மேசைக்கே, முடிந்தால் வேறு அறையில்.