பிரேக்குக்கான காற்றை ஏர் ஹாரனுக்குக் கொடுக்காதீர்கள்

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, சாத்தாங்காட்டில் இருக்கும் என் பட்டறை வாசலில் ஒரு கன்டெய்னர் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். "அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணா காத்து ஏறவே அரை மணி நேரம் ஆவுது. கம்ப்ரஸர் போயிடுச்சான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். லாரியின் பிரேக்கை இயக்கும் காற்றை ஏற்றுவது இன்ஜினோடு ஓடுகிற கம்ப்ரஸர். அதை மாற்றுவது என்றால் சின்னச் செலவில்லை. முதலாளியிடம் என்ன சொல்வது என்ற கவலை அவர் முகத்திலேயே தெரிந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். காதுக்கே கேட்டது, 'ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனதில், பின் பிரேக்குக்கான காற்று டேங்கில் யாரோ ஒரு டீ ஜாயின்ட் (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, அதிலிருந்து கறுப்பு நைலான் டியூப் ஒன்றை கேபின் கூரைவரை இழுத்திருந்தது தெரிந்தது. கூரையில் மூன்று குழல் வைத்த ஏர் ஹாரன். டியூபுக்கு கிளிப் கிடையாது, உறை கிடையாது. சேஸிஸ் விளிம்பில் உரசி உரசி நெல்மணி அகலத்துக்குத் தேய்ந்து, நடுவில் ஊசி ஓட்டை விழுந்திருந்தது. சோப்பு நுரை அங்கே குமிழ் குமிழாகப் பொங்கியது. கம்ப்ரஸரில் ஒரு கோளாறும் இல்லை.

அதைவிட என்னைப் பதறவைத்தது வேறொன்று. "காத்து குறைஞ்சா பஸ்ஸர் அடிக்கணுமே, அடிக்கலையா தம்பி?" என்று கேட்டேன். "அது அடிச்சே ரொம்ப நாளாச்சுண்ணே." ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஹாரன் வால்வுக்கான கரன்ட்டை, காற்றுக் குறைவை எச்சரிக்கும் பஸ்ஸரும் விளக்கும் இருக்கிற அதே ஃபியூஸிலிருந்து எடுத்திருந்தார்கள். மழையில் ஹாரன் ஒயர் எங்கோ ஷார்ட் ஆகி அந்த ஃபியூஸ் எரிந்திருக்கிறது. ஹாரனுக்கு மட்டும் பிறகு வேறு இடத்திலிருந்து லைன் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸரை யாரும் நினைக்கவில்லை. காற்று கசியும் பிரேக்கோடு, எச்சரிக்கவும் ஆளில்லாமல், அந்த வண்டி துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே லோடு ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது.

லாரியில் காற்று எப்படி வேலை செய்கிறது என்று ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. கம்ப்ரஸர் காற்றை ஏற்றுவது சுமார் 8 கிலோ அழுத்தம் வந்ததும் கட் ஆகும். அங்கிருந்து அது சிஸ்டம் புரொடெக்‌ஷன் வால்வுக்குப் போகிறது. அந்த வால்வு காற்றை நான்கு வழியாகப் பிரிக்கிறது: முன் பிரேக், பின் பிரேக், பார்க்கிங்கும் டிரெய்லரும், கடைசியாக மற்ற உபரி வேலைகள். ஒரு வழியில் குழாய் உடைந்தாலும் மற்ற மூன்றிலும் வண்டியை நிறுத்தும் அளவுக்குக் காற்றைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. பிரேக் டேங்கிலேயே டீ போட்டு ஹாரனுக்குக் காற்று எடுத்தால், அந்தக் காவல் அத்தனையையும் தாண்டி உள்ளே ஓட்டை போட்டதாகிவிடும். ஒரு டியூப் தேய்ந்தால் பின் பிரேக் வழி முழுதும் சேர்ந்து இறங்கும்.

காற்று ஓர் அளவுக்குக் கீழே போனால் பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஆட்கள் 'ஜாம் ஆயிடுச்சு' என்பது இதைத்தான். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும்போது நாற்பது அடி கன்டெய்னர் ஒன்று நடுவழியில் ஜாம் ஆனால், பின்னால் இருட்டில் வருகிற பைக்காரருக்கு அது பாதுகாப்பு இல்லை.

அந்த டீயைக் கழற்றி டேங்க் துளைக்கு பிளக் போட்டு, பஸ்ஸருக்குப் புது ஃபியூஸ் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. அது நிற்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் போன் செய்தார்: "அஞ்சு நிமிஷத்துல ஏறிடுச்சுண்ணே."

காரிலும் வேனிலும் கதை வேறு. அங்கே காற்று பிரேக் இல்லை. 12 வோல்ட்டில் ஓடும் சிறு கம்ப்ரஸரை வாங்கி வண்டியிலேயே பொருத்திக்கொள்கிறார்கள். டயருக்குக் காற்று பிடிக்கத்தான் என்றால் நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு மாதவரம் பக்கம் டயர் இறங்கினால் அதன் அருமை தெரியும். ஆனால் ஒழுங்காகப் பொருத்த வேண்டும்.

ஒரு தம்பி ஆன்லைனில் கிட் வாங்கி, தானே மாட்டிக்கொண்டு, டேஷ்போர்டுக்கு உள்ளே கருகல் வாடை வருகிறது என்று வந்தார். பேட்டரியிலிருந்து நேராக ஓர் ஒயர், ஹெட்போன் ஒயரைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் துளை போட்டு, ஒயரைக் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) இல்லாமல் அப்படியே நுழைத்திருந்தார். ஃபியூஸ் இல்லை. ஒயரின் தோல் தகட்டு விளிம்பில் அறுந்து, பக்கத்து ஒயர்களோடு உருகி ஒட்டிக்கிடந்தது. அன்றைக்கு அவர் வாடையைக் கவனித்ததால் கார் தப்பியது.

இந்தக் கம்ப்ரஸர்களில் சின்னதே 10, 15 ஆம்பியர் இழுக்கும். டேங்கோடு வருவது 30ஐத் தொடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் அதைச் செருகுவது தப்பு. பேட்டரியிலிருந்து தனி லைன், 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், நடுவில் ரிலே (பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் வைத்தால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயர் ஷார்ட் ஆனால் யார் தடுப்பது? டேங்க் இருந்தால் 120 பி.எஸ்.ஐ.யில் நிற்கும் பிரஷர் சுவிட்சோடு சேஃப்டி வால்வும் கட்டாயம். சுவிட்ச் ஒட்டிக்கொள்கிற நாள் ஒன்று வரும், அன்று அந்த வால்வுதான் டேங்க் வெடிக்காமல் காக்கும். வாரம் ஒருமுறை டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கம்ப்ரஸரைத் தாழ்வாக மாட்டவும் வேண்டாம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒரு மழைக்குத் தேங்குகிற தண்ணீரை நினைத்துப் பாருங்கள்.

அதே கம்ப்ரஸரில் ஹாரனும் சேர்த்து மாட்டுங்கள் என்று கேட்டால் மாட்டேன். ஒரு காலத்தில் மாட்டியவன்தான் நான். பொருத்தி முடித்ததும் பானட்டுக்கு முன்னால் நின்று அழுத்திப் பார்ப்போம், ஒரு நாளைக்கு ஐந்தாறு வண்டி. இப்போது என் இடது காதில் ராத்திரி முழுக்க ரீங்காரம். காது பரிசோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறது. சத்தத்தால் கெடும் காது முதலில் அங்கேதான் கெடும் என்றார் மருத்துவர். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும். மூன்று டெசிபல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால்மணி நேரம்தான். என்னிடம் வேலை பழகிய பையன்களையும் அப்போது பக்கத்தில் நிற்கவைத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, பல ஸ்வரம் பாடும் ஹாரனையும் காதைக் கிழிக்கும் ஹாரனையும் தடுக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுப் பரிசோதனைக்கு) முந்தின நாள் கழற்றி, மறுநாள் திரும்ப மாட்டிக்கொள்வது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் விதி இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையின் மதிலை ஒட்டி நின்று கேட்டுப் பாருங்கள். ராயபுரத்தில் பிரசவ மருத்துவமனையும் இருக்கிறது.

டிரைவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இடப்பக்கம் கண்ணுக்குப் படாத இடத்தில் பைக் நுழைகிறது, பயமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு பைக்காரர் ஹேண்டிலை ஒடிப்பது சாலையோர மணலில். சறுக்கினால் விழுவது நம் சக்கரத்துக்குப் பக்கத்தில். இடப்பக்கக் கண்ணாடியைச் சரியாகத் திருப்பிவைப்பதும், அதற்குக் கீழே ஒரு குவி கண்ணாடி சேர்ப்பதும் அந்தப் பைக்கைக் கண்ணில் காட்டும்.

"கம்பெனி ஹாரன் யாருக்கும் கேக்கலைண்ணே" என்று வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் மீட்டரைத்தான் வைத்துப் பார்ப்பேன். சென்ற வாரம் ஒரு 24 வோல்ட் லாரியில் ஹாரன் முனையில் 17 வோல்ட்தான் இருந்தது. உப்புக் காற்றில் எர்த் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினேன். ரிலேயும் மாற்றியாயிற்று. அழுத்திப் பார்த்த டிரைவர் அண்ணன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த ஏர் ஹாரன் டப்பாவைத் திரும்ப கேபினுக்குள் வைத்தார். "இதே போதும்ப்பா. கடையில திருப்பிக் குடுத்துடறேன்."