சிரிக்கிற அணியில் முட்டி வலி சீக்கிரம் வெளியே வரும்

டைம்-அவுட் எடுத்தால் கையில் இருப்பது ஒரே ஒரு நிமிடம். போன வருடம் ஒரு கூடைப்பந்துப் போட்டியில் நாங்கள் எட்டுப் பாயின்ட் பின்னால் இருந்தபோது எங்கள் கோச் அந்த ஒரு நிமிடத்தை எடுத்தார். பிள்ளைகள் மூச்சிரைக்கச் சுற்றி நின்றார்கள். அவர் போர்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கெட்ச் பேனாவால் விறுவிறுவென்று கோடு இழுத்தார். போர்டில் ஒன்றும் விழவில்லை. மனிதர் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு அம்புக்குறி போட்டார்.

“சார், பேனாவுல மை இல்லீங்க.”

“எங்கிட்டயும் ஐடியா இல்லம்மா. ரெண்டுக்கும் சரியாப் போச்சு.”

ஐந்து பேரும் வெடித்துச் சிரித்துவிட்டார்கள். பெஞ்ச் ஓரத்தில் ஐஸ் பெட்டியோடு நின்ற நான் அவர்கள் தோள்களைத்தான் பார்த்தேன். அதுவரை காதை ஒட்டி ஏறியிருந்தவை அப்படியே இறங்கின. அந்த மேட்சை மூன்று பாயின்டில் தோற்றோம். அதனால் சிரித்தால் ஜெயிக்கலாம் என்று கதை விடப்போவதில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். கல்லூரிப் பெண்கள் அணிகளோடு பதினொரு வருடமாகச் சுற்றுகிறேன். எனக்குத் தெரிந்தது வேறு ஒரு கணக்கு: கோச்சைக் கேலி செய்ய முடிகிற பெண், தன் வலியையும் அவரிடம் சீக்கிரம் சொல்லிவிடுகிறாள்.

எங்கள் கோச்சுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தொப்பையும் உண்டு. பயிற்சி முடிந்ததும் யாராவது ஒருத்தியோடு ஃப்ரீ த்ரோ பந்தயம் வைப்பார். ஆளுக்குப் பத்து ஷாட். அவள் தோற்றால் லைன் ரன், அதாவது ஒவ்வொரு கோடாகத் தொட்டுத் திரும்பி ஓட வேண்டும். அவர் தோற்றால் அவர் ஓட வேண்டும். ரொம்ப நாள் அவர் ஓடவே இல்லை. ஒரு சாயங்காலம் முதல் வருடப் பெண் ஒருத்தி ஏழு போட்டாள், அவர் ஆறு.

அன்றைக்கு அந்த சிமென்ட் கோர்ட்டைச் சுற்றி எழுந்த விசில் சத்தத்துக்கு ஹாஸ்டல் வார்டன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோச் ஓடினார். தினமும் அவர் இவர்களைப் பார்த்துக் கத்துவதையெல்லாம் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். “தண்ணி அப்புறம் குடிக்கலாம், முதல்ல கோட்டத் தொடுங்க!” அவர் குனிய முடியாமல் ஷூ நுனியால் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தார். “கை, கை! கையால தொடணும் சார்! இது எண்ணிக்கையில வராது!” மூன்றாவது திருப்பத்தில் அவருக்கு வலது முட்டி லேசாக மடங்கியது. சமாளித்துக்கொண்டு ஓடி முடித்தார். அதை நான் கவனித்தேன். இன்னொருத்தியும் கவனித்திருக்கிறாள்.

மறுநாள் காலை வார்ம்-அப்புக்கு முன்னால் ஏழாம் நம்பர் போட்டு ஆடுகிற பெண் அவரிடம் போய், “சார், நேத்து திரும்பும்போது உங்க முட்டி மடங்குச்சுல்ல, எனக்கும் அப்படித்தான் மூணு வாரமா மடங்குது” என்றாள். மூன்று வாரம்! பல்கலைக்கழக அணித் தேர்வு வரப்போகிறது, சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று என்னிடம்கூட மறைத்திருக்கிறாள். என்னை “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே மறைத்திருக்கிறாள், அது தனிக் கோபம்.

ஓடும்போது திசை மாற்றினால் முட்டி விலகுகிற மாதிரி இருப்பது தைலம் தேய்த்துவிட்டு ஆடுகிற விஷயம் இல்லை. கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு முட்டிக்குள் இருக்கிற ஏ.சி.எல். ஜவ்வு கிழிகிற வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் இடித்து நடப்பதில்லை. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தாலோ, சட்டென்று நின்று திரும்பினாலோ போதும். நல்லவேளை, இவளுக்கு ஸ்கேனில் ஏ.சி.எல். முழுசாக இருந்தது. முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் ஓரத்தில் சின்னக் கிழிசல். ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் உடற்பயிற்சி என்று ஆனது. தேர்வு போய்விட்டது. அழுதாள். கோச் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

இப்போது மற்ற சிரிப்பு.

பல வருடங்களுக்கு முன்னால் வேறு ஓர் அணியோடு இருந்தேன். அங்கே சென்டர் ஆடுகிற உயரமான பெண்ணை அந்தக் கோச் “அரிசி மூட்டை” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவள்தான் முதலில் சிரிப்பாள், எல்லோரையும்விடச் சத்தமாக. நானும் சிரித்திருக்கிறேன், இதை எழுதும்போது கை கூசுகிறது. நான்கு மாதம் கழித்துக் கணுக்காலுக்கு மேலே எலும்பில் வலி என்று வந்தாள். எலும்பில் திரும்பத் திரும்ப விழுகிற அழுத்தத்தால் வந்த விரிசல். விசாரித்தால் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. மாதவிடாயும் நின்றிருந்தது. “டைம்ல வரலன்னா நல்லதுதானக்கா, டோர்னமென்ட்ல தொல்லை இல்ல” என்றாள்.

நல்லது இல்லை. ஆடுவதற்குச் செலவாகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தத் தொடங்கும். மாதவிடாய் நிற்பது அதில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. எலும்பு தேய்வது தெரியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயரிட்டது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் “அரிசி மூட்டை” என்று சொன்ன மனிதரிடமே போய் இதை எப்படிச் சொல்லுவாள்?

பதிலுக்கு அவள் அவரை ஏதாவது சொல்லிச் சிரிக்க முடிந்திருக்குமா என்று அப்புறம் யோசித்தேன். முடியாது. அங்கே கேலி மேலிருந்து கீழே மட்டும்தான் வந்தது. இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறேன்: அந்தப் பெண்ணின் அம்மா கேலரியில் உட்கார்ந்திருந்தால் கோச் இதைச் சொல்லுவாரா? எங்கள் கோச்சின் மை இல்லாத பேனாவுக்கு அம்மாக்களும் சேர்ந்தே சிரிப்பார்கள். உடம்பைப் பற்றிய பேச்சு, ராத்திரி தனியாக வாட்ஸ்அப்பில் வருகிற ஜோக் எல்லாம் அந்தச் சோதனையில் தேறாது. தேறாதவற்றை “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று தட்டிவிட வேண்டாம். பாலியல் தொனியில் பேச்சு போனால், 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கல்லூரியிலேயே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அங்கே போகலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை எங்கள் பிள்ளைகள் யூடியூபில் விடாமல் பார்ப்பார்கள். 2017 மார்ச் 31 அன்று யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழக) பெண்கள் அணியின் 111 ஆட்டத் தொடர் வெற்றி முடிந்தது. மிசிசிப்பி ஸ்டேட்டின் மார்கன் வில்லியம், ஐந்தடி ஐந்து அங்குலப் பெண், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் போட்டார். 66-64. பந்து உள்ளே போனதும் யூகான் கோச் ஜீனோ ஆரியம்மா ஓரத்தில் நின்று சிரித்தார். கண்டிப்புக்குப் பேர்போன மனிதர் அவர். அந்த வீடியோவைக் காட்டி எங்கள் பாயின்ட் கார்டு கேட்டாள், “நாம தோத்தா நீங்களும் இப்படிச் சிரிப்பீங்களா சார்?”

“111 மேட்ச் ஜெயிச்சிட்டு வாங்க. அப்புறம் சிரிக்கிறேன்.”

அதே ஆரியம்மா 2025 இறுதிப் போட்டியில் பேஜ் பெக்கர்ஸைக் கடைசி நிமிடங்களில் வெளியே எடுத்து நெடுநேரம் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஏ.சி.எல். கிழிந்து 2022-23 சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்த பெண் அவர். அந்தக் காட்சியை ஏழாம் நம்பர் மட்டும் நான்கு முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் கூடவே எடுத்துக்கொண்டோம். ஒற்றைக் காலில் குதித்து இறங்கி, முட்டி உள்ளே சாயாமல் நின்று காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். முதல் நாள் கோர்ட்டுக்குள் வந்ததும் நேராகக் கோச்சிடம் போனாள்.

“என் முட்டி ரெடி சார். பந்தயம் வைக்கலாமா? உங்க முட்டி எப்படி இருக்கு?”

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த வலது முட்டி மடங்குவது ஒரு வருடமாக இருக்கிறதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். எக்ஸ்ரே எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. எடுக்கும்வரை தினமும் கேட்பது என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள்.