இலைப் படம் போட்ட ஏழு பாட்டில்கள்

"ஒரு சொட்டு கெமிக்கல்கூடக் கிடையாது, டாக்டர். எல்லாமே இயற்கை" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண்மணி கைப்பையை என் மேசைமீது கவிழ்த்தார். ஏழு பாட்டில்கள் உருண்டன. எண்ணெய், பன்னீர், முகம் கழுவும் திரவம், தேய்த்துக் குளிக்கும் பொடி என்று வகைக்கொன்று. ஏழிலும் ஏதாவது ஓர் இலையின் படம். அவருடைய கண்ணிமைகள் வீங்கியிருந்தன. கன்னங்கள் சிவந்து, மூக்கின் இரு பக்கமும் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. மூன்று மாதமாக இந்த நிலை. முகம் மோசமாக ஆக, இன்னோர் இயற்கைப் பொருளை வாங்கிச் சேர்த்திருக்கிறார். ஆறாவது பாட்டிலும் ஏழாவது பாட்டிலும் அப்படி வந்தவை.

தோல் மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இது பழகிய காட்சி. இப்படி வருபவர்களில் பலர் நான் இயற்கைக்கு எதிரி என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு, சண்டைக்குத் தயாராக உட்காருவார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. தோலின்மீதும் பூமியின்மீதும் அக்கறை கொண்டு ஒருவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வதை நான் மதிக்கிறேன். என் குறை ஒன்றுதான். அந்த அக்கறை பெரும்பாலும் ஒரு பாட்டிலை இன்னொரு பாட்டிலாக மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. பாட்டில்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அழகுப் பொருள்களின் லேபிளில் வரும் 'இயற்கை' என்ற சொல்லுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுவரை வரையறை எதையும் வகுக்கவில்லை. ஐஎஸ்ஓ 16128 என்றொரு சர்வதேச வழிகாட்டி உண்டு. ஒரு க்ரீமில் எத்தனை விழுக்காடு இயற்கையிலிருந்து வந்தது என்று கணக்கிடும் முறையை அது சொல்கிறது. அந்தக் கணக்கில் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கும் ஒரு லோஷன் எவ்வளவு எளிதாக '90 விழுக்காடு இயற்கை' ஆகிவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

'கெமிக்கல் இல்லை' என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு யூரியாதான் நினைவுக்கு வரும். நம் தோலின் மேலடுக்கு தன் ஈரத்தைப் பிடித்துவைக்க வைத்திருக்கும் சொந்தச் சரக்குகளில் யூரியாவும் ஒன்று. வறண்டு வெடித்த குதிகாலுக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் களிம்பிலும் அதுவே இருக்கிறது. 1828இல் ஃப்ரீட்ரிச் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் உயிருள்ள உடலின் துணை எதுவுமின்றி அதை ஆய்வகத்தில் உருவாக்கினார். உடலில் ஊறியதற்கும் ஆலையில் தயாரானதற்கும் மூலக்கூறில் வேறுபாடு கிடையாது. எங்கிருந்து வந்தாய் என்று தோல் விசாரிப்பதில்லை. என்ன வந்தது, எவ்வளவு வந்தது, எத்தனை நேரம் தங்கியது என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்கிறது.

எலுமிச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்களில் அதனால் முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் அத்தனை பேர். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவில் ஏறத்தாழ 5. எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. வித்தியாசம் வெறும் மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு அமிலம். சமையல் சோடா எதிர்ப் பக்கம், 8க்குச் சற்று மேல். பழைய பாணிச் சோப்பு 9 முதல் 10 வரை. காலையில் எலுமிச்சை, மாலையில் சோடா என்று மாற்றி மாற்றித் தேய்த்த ஓர் இளைஞரின் முகத்தைப் பார்த்தபோது, பாவம், அந்தத் தோல் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திணறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட மோசமானது எலுமிச்சையும் வெயிலும் சேர்வது. ஒருவர் இரண்டு முன்கைகளிலும் கொப்புளத்தோடு வந்தார். யாரோ திராவகம் ஊற்றிவிட்டதைப் போல இருந்தது. உற்றுப் பார்த்தால் கொப்புளங்கள் கோடுகளாக இறங்கின. மணிக்கட்டில் தொடங்கி, முழங்கையை நோக்கி, ஏதோ வழிந்த தடம் போல. இரண்டு நாளுக்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். திறந்தவெளியில் உட்கார்ந்து ஒரு கூடை எலுமிச்சம்பழம் பிழிந்ததாகச் சொன்னார். விடை கிடைத்துவிட்டது. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் ஃபுரோகூமரின் என்ற பொருள்கள் உள்ளன. அவை தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால், அந்த இடம் வெந்துவிடும். உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்தே கொப்புளம் கிளம்பும் என்பதால் யாருக்கும் எலுமிச்சையின் மீது சந்தேகம் வருவதில்லை. கொப்புளம் ஆறிய பிறகு கருமை மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கவே எலுமிச்சையைப் பூசுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அத்திமரப் பாலும் இதே வேலையைச் செய்யும்.

வாசனை எண்ணெய்களின் கதை வேறு. லாவண்டர் எண்ணெயில் லினலூல் என்ற நறுமணப் பொருள் நிறைந்திருக்கிறது. புதிதாக இருக்கும்வரை பெரிய தொல்லை தராது. மூடியைத் திறந்து திறந்து காற்று படப்பட, அது ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகிறது. ஒவ்வாமையைக் கிளப்புவதில் அவை கெட்டிக்காரப் பொருள்கள். தேயிலை மர எண்ணெயும் இப்படித்தான், பழையதாக ஆக ஆபத்து கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 26 நறுமணப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்த்தால் லேபிளில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கு மேல் நீட்டினார்கள். அதில் செடியிலிருந்து எடுத்தவற்றுக்கு விலக்கு எதுவும் இல்லை.

வீட்டில் தயாரிப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. தண்ணீர் கலந்த எதையும் சேமித்து வைக்காதீர்கள். கற்றாழைச் சோறு, பூச்சாறு, பழக்கூழ் எல்லாம் கிருமிக்கு விருந்து. நிறம் மாறி நாற்றம் வருவதற்கு வெகு முன்பே கிருமி பெருகிவிடும். அன்றைக்கு எடுத்து அன்றைக்கே முடியுங்கள். கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும் என்பதால் அதைக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள்.

கெடாமல் காக்கும் பொருள்களைப் பற்றிய பயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு எங்கள் துறையில் ஓர் உதாரணம் உண்டு. பாராபென் என்ற காப்புப் பொருளின் பெயரைக் கேட்டாலே மக்கள் அஞ்சத் தொடங்கினார்கள். நிறுவனங்கள் அதை விலக்கி, 'பாராபென் இல்லை' என்று பெருமையாக அச்சிட்டன. பல நிறுவனங்கள் அதற்குப் பதிலாகப் போட்டது மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற இன்னொரு காப்புப் பொருள். விளைவு, ஐரோப்பா முழுவதும் தோல் ஒவ்வாமை அலை போல எழுந்தது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. அதே சங்கம் 2019இல் பாராபென்களை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது. சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றோம்.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது, 'மூலிகை' என்ற பெயரில் வரும் முகவெண்மை க்ரீம். சிலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் நெருப்பாய் எரியும், மறுபடி பூசினால் அடங்கும். அதுவே அடையாளம். வேறு சிலவற்றில் பாதரசம். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கையின்படி உலக நாடுகள் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை ஒழிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன, இருந்தும் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். பாதரசம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எழுதப்படும் வாசகம் அது. குப்பையிலும் சாக்கடையிலும் போடாமல், ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

சரி, எதைத்தான் பூசுவது? செடியிலிருந்து வந்தவற்றில் நான் மனமாரப் பரிந்துரைப்பவை உண்டு. சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகுதி. தோலின் காப்பரணுக்கு அது துணை செய்யும். ஆலிவ் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் மிகுதி, அது அரணையே குலைக்கக்கூடியது. அதனால் வறண்ட தோலுக்கும் குழந்தைகளுக்கும் ஆலிவ் வேண்டாம் என்பேன். நுண்ணிய ஓட்ஸ் மாவு அரிப்பை அடக்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தேங்காய் எண்ணெய் கை காலுக்கு நல்லது, பரு வரும் முகத்துக்கு ஆகாது.

பெட்ரோலியம் ஜெல்லியைப் பற்றிக் கேட்டால் மட்டும் எனக்குச் சங்கடம். அது பூமிக்கடியில் எடுத்த எண்ணெயின் பிள்ளை. ஆனால் ஒவ்வாமை தருவது அபூர்வம், ஈரம் ஆவியாவதைத் தடுப்பதில் அதற்கு இணையில்லை, வாசனை கிடையாது, ஒரு சின்ன டப்பா வெகுநாள் வரும். நாலு கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்த பன்னிரண்டு மூலிகைச் சாறுகள் கலந்த க்ரீமா, இதுவா என்றால், எக்சிமா என்ற அரிக்கும் தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு நான் இதைத்தான் எழுதிக்கொடுப்பேன்.

பூமிக்கணக்கைப் பார்க்கும்போது மக்கள் டப்பாவை மட்டுமே பார்க்கிறார்கள். கழுவிவிடும் பொருள்களில் பெரும் ஆற்றல் செலவு டப்பாவில் இல்லை, அதைக் கழுவ நாம் சூடாக்கும் தண்ணீரில்தான். தோலின் கொழுப்பைக் கரைத்து வறட்டுவதும் அதே வெந்நீர். இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் குளித்து, சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று தேவைப்படும் இடத்துக்கு மட்டும் போட்டாலே இரண்டு பக்கமும் மிச்சம்.

முகத்தில் தேய்க்கும் ஸ்கிரப்களில் இருந்த நுண் பிளாஸ்டிக் மணிகளை அமெரிக்கா 2015இல் சட்டம் போட்டு விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடுத்தது. அந்த இடத்துக்கு வால்நட் ஓட்டுத் தூள் வந்திருக்கிறது. கடலுக்கு நல்லது, ஆனால் கன்னத்துக்கு அது உப்புத்தாள். மேல் தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தானே உதிர்ந்து புதிதாகிறது. அதைப் பிடித்துச் சுரண்ட வேண்டிய அவசியம் இல்லை.

சன்ஸ்கிரீன் பவளப்பாறையை அழிக்கிறதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹவாயில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களை விற்க 2021 முதல் தடை இருக்கிறது. பவளம் வெளிறுவதற்குத் தலையாய காரணம் கடல் சூடாவதுதான். ஆனாலும் கவலைப்படுபவர்களுக்கு என்னிடம் எளிய வழி உண்டு. நிழல், அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை. யுபிஎஃப் 50 என்று குறித்த துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். துணியால் மூட முடியாத இடத்துக்கு மட்டும் சிங்க் ஆக்சைடு கலந்த க்ரீம். வீட்டில் கலக்கிய 'இயற்கை சன்ஸ்கிரீன்' மட்டும் வேண்டவே வேண்டாம்.

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பூமிக்கு இலேசாகிவிடாது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் இதழ் வேண்டும். சந்தன மரம் காடுகளில் அருகிக்கொண்டு வருகிறது. பாமாயிலை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் காடு பிழைக்கும் என்பதும் அவசரக் கணக்கு. அதே அளவு எண்ணெய்க்குத் தென்னைக்குப் பல மடங்கு நிலம் தேவைப்படும். ஸ்குவாலேன் என்ற எண்ணெயை ஒரு காலத்தில் ஆழ்கடல் சுறாவின் ஈரலிலிருந்து எடுத்தார்கள். இப்போது ஆலிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரையை ஆலையில் நொதிக்க வைத்தும் செய்கிறார்கள். சுறா இயற்கைதான். நான் ஆலைப் பக்கம்.

ஏழு பாட்டில் பெண்மணிக்கு வருகிறேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, முகம் தணிந்த பிறகு பேட்ச் டெஸ்ட் செய்தோம். சிறு வட்டங்களில் ஒவ்வாமைப் பொருள்களை வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். நாலாம் நாள் மறுபடி பார்ப்போம். முதல் முறை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நாலாம் நாள் லினலூல் ஹைட்ரோபெராக்சைடு வைத்த வட்டத்தில் தோல் சிவந்து தடித்து, நுண்கொப்புளங்களோடு நின்றது. ஏழில் நாலு பாட்டில்களின் லேபிளில் லினலூல் இருந்தது. அவற்றில் லாவண்டர் எண்ணெயை அவர் ஓராண்டாக ஜன்னலோரம், மூடி சரியாக மூடாமல் வைத்திருந்தாராம்.

மிச்சத்தைத் தூக்கி எறிவதா, அது பாவமில்லையா என்று கேட்டார். அந்த நாலையும் வாசனை ஒவ்வாதவர் யாருக்கும் கொடுக்கக் கூடாது, உங்களுக்கும் ஆகாது, கைவிட வேண்டியதுதான் என்றேன். தேங்காய் எண்ணெய் குதிகாலுக்குப் போயிற்று. தேய்க்கும் பொடி பாத்திரம் துலக்கத் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார். மீந்தது சூரியகாந்தி எண்ணெய் ஒன்று. எதைப் புதிதாக வாங்கினாலும் முழங்கையின் உள்மடிப்பில் காலை மாலை ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்கு ஏற்றச் சொல்லியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது இமை வடிந்து, கன்னம் தெளிந்திருந்தது. இந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க இருக்கும், லேபிளைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள் என்று மறுபடி நினைவூட்டினேன். "அதற்குத்தானே இது" என்று கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. "பின்பக்கம் இவ்வளவு பொடி எழுத்தில் போட்டால் யார்தான் படிப்பார்கள், டாக்டர்?" என்றார். என் மேசையில் மாதிரிக்கு வந்திருந்த ஒரு க்ரீமை எடுத்துத் திருப்பி, கண்ணாடியை வைத்து விரலால் வரி வரியாகத் தேடினார். கடைசி வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். லினலூல் இருந்தது.