ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் எடை

நகராட்சிகளில் குப்பையைத் தரம் பிரித்து எடை போடும் வேலைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு வார்டில் ஒரு நாள் சேரும் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி நான்காகப் பிரிப்போம். எதிரெதிராக இருக்கும் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கலந்து மறுபடி நான்காக்குவோம். கையால் பொறுக்கி முடிக்கக்கூடிய அளவு வரும்வரை இப்படியே குறைத்துக்கொண்டு போக வேண்டும். அப்புறம் காய்கறித் தோலுக்கு ஒரு கூடை, காகிதத்துக்கு ஒன்று, பால் கவருக்கு ஒன்று. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கூடை மட்டும் பொங்கி வழியும். சிப்ஸ், பிஸ்கட், மசாலாக் கடலை, வேஃபர் உறைகள் அதில்தான் விழும். பார்த்தால் மலை. தராசில் ஏற்றினால் இரண்டு கிலோ தேறாது.

எங்கள் அறிக்கைகள் எல்லாமே எடைக் கணக்கு. அதனால் இந்தக் கூடை ஏதோ ஒரு சின்ன சதவீதமாகக் கடைசி வரியில் ஒதுங்கிவிடும். சாக்கடை வாயை அடைப்பது எடை இல்லை, பரப்பு. அதற்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. நானும் பல வருடம் அந்தப் படிவத்தை அப்படியே நிரப்பிக் கொடுத்தவன்தான்.

ஒரு பள்ளிக்கூடத் தெருவில் கணக்கெடுத்தபோது, கூடப் பொறுக்கிய தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் சொன்னார்: "சார், பாட்டிலு பொறுக்குனா டீக்காசாவது வரும். இத பொறுக்குனா இடுப்புதான் போகும்." அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலி உறை ஒன்று ஏறக்குறைய 2 கிராம். ஒரு கிலோ சேர 500 தடவை குனிய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சுமார் 20 கிராம் என்றால், 50 தடவை குனிந்தால் ஒரு கிலோ ஆகிவிடும். காயலான் கடைக்காரர் அதை வாங்கியும் கொள்வார். சிப்ஸ் உறையை அவர் கையால்கூடத் தொட மாட்டார்.

அந்த உறையின் உள்பக்கம் வெள்ளிபோலப் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் படலம். நடுவே இன்னொரு படலம், அதன்மேல் அலுமினியப் பூச்சு. அதன் கனம் ஒரு மைக்ரானுக்கும் வெகு குறைவு. உள்ளே சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும் அடுக்கு. ஈரமும் வெளிச்சமும் ஆக்ஸிஜனும் புகாமல் தடுத்து, எண்ணெய்ப் பண்டத்தை மாதக்கணக்கில் காறாமல் வைத்திருப்பது இந்தக் கூட்டணிதான். பாக்கெட் உப்பியிருப்பதும் ஏமாற்று மட்டும் இல்லை. உள்ளே அடைப்பது நைட்ரஜன், சிப்ஸ் நொறுங்காமலும் அது காக்கிறது. சரக்கைக் காக்கும் இதே ஒட்டுதான் பிறகு வினையாகிறது. அடுக்குகளைக் கட்டுப்படியாகும் செலவில் பிரித்தெடுக்க வழியில்லை. பால் கவரும் பிளாஸ்டிக்தான், ஆனால் முழுக்க ஒரே வகை. கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் காசு. பக்கத்துப் பக்கத்துக் கூடையில் கிடக்கும் இரண்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம்.

சரி, காயலான் கடையில் விலைபோகாத காலி உறை எங்கே போகிறது? தரம் பிரித்துச் சிப்பமாக அழுத்தி, அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் பார்த்த ஊர்களில் லாரி வாடகை நகராட்சியின் தலையில்தான். தார்ச்சாலையில் போடலாமே என்பார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழி அது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், பிறகு தார் கலப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் அதற்கும் உலர்ந்த, மண் ஒட்டாத சரக்கு வேண்டும். தெருவிலிருந்து வரும் உறையில் மசாலா எண்ணெயும் சேறும் அப்பியிருக்கும். மிச்சம் கிடங்குக்குப் போகும், இல்லையென்றால் தெருமுனையில் யாராவது கொளுத்திவிடுவார்கள்.

மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு வருடத்துக்குள் கைவிட வேண்டும் என்று 2016-இல் வந்த மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்லின. 2018-இல் அந்த வரியைத் திருத்தினார்கள்: மறுசுழற்சிக்கும் ஆகாது, எரிசக்திக்கும் ஆகாது, வேறு பயனும் இல்லை என்றால் மட்டும் கைவிட்டால் போதும். சிமெண்ட் சூளை இருக்கும்வரை எந்த உறையும் 'பயனற்றது' ஆகாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையான பொருள்களில் உறிஞ்சுகுழல் உண்டு, காது குடையும் குச்சி உண்டு, சிப்ஸ் உறை இல்லை. தயாரிப்பாளர்களே கழிவுக்குப் பொறுப்பு என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. அதுவும் டன் கணக்கு. எடை போட்டால் மறைந்துவிடும் பொருளை அங்கேயும் எடைதான் போடுகிறோம்.

விலைக்கு வருவோம். பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பக்கத்துக் கடையில் ஒரே சிப்ஸை மூன்று அளவில் வாங்கி, நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 5 ரூபாய்ப் பாக்கெட்டில் சரக்கு 12 கிராம், 20 ரூபாயில் 48, 50 ரூபாயில் 110. கிலோவுக்குக் கணக்கிட்டால் முதல் இரண்டும் சுமார் 417 ரூபாய், மூன்றாவது 455. பெரியதுதான் அதிகம்! ஷாம்பூவும் இப்படித்தான், பாட்டிலைவிடச் சாஷேயில் மலிவு. வாரக்கூலி வாங்குபவர் சின்னதை வாங்குவது கணக்குத் தெரியாமல் இல்லை. நம்மைவிட நன்றாகத் தெரிந்துதான்.

உறையின் எடையைப் போட்டபோது கதை மாறியது. 5 ரூபாய் உறை 1.7 கிராம், 20 ரூபாய் உறை 4, 50 ரூபாய் உறை 7. ஒரு கிலோ சிப்ஸ் தின்று முடிக்கையில் முதலாவதில் சுமார் 140 கிராம் குப்பை மிஞ்சும், இரண்டாவதில் 83, மூன்றாவதில் 64. ஹாட் சிப்ஸ் கடையில் கால் கிலோ வாங்கினால் ஒரு 3 கிராம் கவர், அவ்வளவுதான். ஆனால் விலை கிலோ 440. ஆக, காசை மட்டும் பார்த்தால் 5 ரூபாய்ப் பாக்கெட் தப்பே இல்லாத பொருள். அந்த 140 கிராமைத் தூக்கிச் சுமக்கும் கூலி அதன் விலையில் இல்லை, வீட்டு வரியில் இருக்கிறது.

ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்து ஏழைகளும் வாங்கட்டும் என்று யோசித்தவர் நம் கடலூர்க்காரர், சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைக் கிராமங்களில் பரப்பினார். அப்போது ஒரு திட்டம் வைத்தார்: எந்தக் கம்பெனி உறையானாலும் காலியாக ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். போட்டியாளரை முந்தத்தான் செய்தார், தெருவைச் சுத்தமாக்க இல்லை. ஆனாலும் காலி உறைக்கு ஒரு மதிப்பு வந்தது, கடைக்குத் திரும்பியும் வந்தது. நீலகிரி மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பித் தந்தால் கொடுத்துவிடும் ஏற்பாட்டுக்கும் அடிப்படை இதுதான். 2 கிராம் உறைக்கு அப்படி ஒரு காசு வைக்க எந்தத் தயாரிப்பாளரும் தானாக முன்வரப்போவதில்லை. விதி வந்தால்தான் உண்டு.

வசதியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. கட்டட வேலைக்குப் போகும் அம்மா அழும் பிள்ளையின் கையில் கொடுக்க 5 ரூபாயில் வேறு என்ன கிடைக்கும்? பெரிய பாக்கெட் வாங்கி நாலு நாளைக்கு வைத்துக் கொடுங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார்: "பெருசு வாங்குனா அன்னிக்கே தீந்துடும் தம்பி." சரிதானே. ஐப்பசி மழையில் திறந்த முறுக்கு ஒரே நாளில் நமத்தும் போய்விடும். உதிரியாக விற்பதும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக்கூடாது என்று 2018 உணவு பேக்கேஜிங் விதிகளிலேயே இருக்கிறது. அச்சு மையோடு பஜ்ஜி கட்டுவது இன்னும் நிற்கவில்லை.

பள்ளிக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில், பாக்கெட் சரம் தொங்கும் இடத்துக்குக் கீழே ஒரு சாக்கைக் கட்டிப் பார்த்தோம். பிள்ளைகள் பாக்கெட்டைக் கடையிலிருந்து இருபதடிக்குள் பிரித்துவிடுகிறார்கள் என்று கவனித்திருந்தேன். முதல் வாரம் சாக்கு நிறைந்தது, தெரு வெளுத்தது. மூன்றாம் வாரம் அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வரவில்லை. சாக்கு வழிய, வாடிக்கை கெடுகிறது என்று கடைக்காரர் அவிழ்த்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி வரும் நாளை உறுதிசெய்துகொள்ளாமல் நீங்கள் இதை ஆரம்பிக்காதீர்கள்.

என் வீட்டில் வழக்கமான நாளுக்கு டப்பா, ஊருக்குப் போகும் நாளுக்குப் பாக்கெட். சம்பளம் வந்ததும் மிக்சர் கடைக்கு எவர்சில்வர் டப்பாவோடு போய் அரைக் கிலோ காராச்சேவு வாங்குவேன். பிள்ளைக்குத் தினம் ஒரு கிண்ணம், கிண்ணம்தான் அளவு. கடையில் முதல் இரண்டு மாதம் ஒரே தகராறு. டப்பாவைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கும் பொத்தான் கல்லாப் பையனுக்குப் பிடிபடவில்லை. டப்பாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வருவேன். பிறகு டப்பாவின் அடியில் மார்க்கரால் '212 கிராம்' என்று எழுதினேன். இப்போது அவன் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் காராச்சேவையே அள்ளுகிறான்.