நான்கடி மண்ணும் இருபத்திரண்டு லாரித் தண்ணீரும்

"சார், எத்தனை லோடு மண் அடிக்க வேண்டியிருக்கும்?"

ஆடி பிறந்த வாரத்தில் என்னிடம் வந்த ஒரு தம்பதி கேட்ட முதல் கேள்வி இது. இருவருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. பெரும்பாக்கத்துக்கு அப்பால் ஒரு கிரவுண்டு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள். மனை ரோட்டைவிட மூன்றடி பள்ளத்தில் இருக்கிறது. மண் அடித்துத்தான் குடியிருக்க முடியும் என்கிற இடத்தை ஏன் வாங்குகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டதும் இருவர் முகமும் சுருங்கிவிட்டது.

அதற்கு முந்தைய நாள் முடிச்சூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவர் வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கினோம். "தம்பி, இன்னும் ரெண்டடி தூக்க எவ்வளவு ஆகும்?" என்றார். எதிர்வீட்டுக்காரர் பழைய வீட்டை இடித்துவிட்டு ஐந்தடி பேஸ்மட்டத்தில் புது வீடு கட்டியிருக்கிறார். இடையில் ரோட்டையும் சுரண்டாமல் இரண்டு முறை போட்டுவிட்டார்கள். தூக்கிய வீடு திரும்பவும் பள்ளத்துக்கு வந்துவிட்டது.

தென்சென்னைப் புறநகரில் இருபத்தாறு வருடமாகக் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். ஒரே வாரத்தில் இப்படி இரண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

"உயர்த்திக் கட்டிவிட்டால் தண்ணீர் வராது." மெத்தப் படித்தவர்களும் நம்புகிற பொய் இது. மண் அடித்தால் தண்ணீர் எங்கும் மறைந்துவிடுவதில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நான்கடி நிரப்பினால் 9,600 கன அடி மண். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். நான்கடித் தண்ணீர் நின்ற இடமாக இருந்தால், சுமார் 2,70,000 லிட்டர் தண்ணீருக்கு இனி அங்கே இடமில்லை. 12,000 லிட்டர் லாரியில் இருபத்திரண்டு லாரிக்கும் மேல். கோடையில் காசு கொடுத்து வரவழைக்கிறீர்களே, அதே லாரிதான். அந்தத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும், அவரும் மண் அடித்தால் அடுத்த தெருவுக்குப் போகும். ஐம்பது மனை உள்ள ஒரு லேஅவுட் முழுவதையும் இப்படி நிரப்பினால் 1 கோடியே 35 லட்சம் லிட்டர் தண்ணீர் வேறு யாருடைய வரவேற்பறையையாவது தேடிப் போகிறது. முதலில் உயர்த்தியவருக்கு நான்கைந்து மழைக்காலம் நிம்மதி கிடைக்கும். பிறகு சுற்றியுள்ள எல்லோரும் உயர்த்திவிடுவார்கள், அவர் வீடே பள்ளமாகிவிடும். முடிச்சூர்ப் பெரியவருக்கு நடந்தது இதுதான்.

மண் என்று சொல்கிறேனே தவிர, பல இடங்களில் கொட்டுவது இடித்த கட்டடத்தின் கழிவு. அதைத் தாங்கி நிற்பது நாலரை அங்குலக் காம்பவுண்டுச் சுவர். அது எல்லை காட்டக் கட்டிய சுவர், மண்ணைத் தாங்கக் கட்டியது அல்ல. ஈர மண் தள்ளினால் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மேல் சாயும். அஸ்திவாரம் நிரப்பு மண்ணைத் தாண்டி மூல மண்ணில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்திருந்தேன். சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.

அடுத்தது, "கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, தண்ணீர் ஓடிவிடாதா?" ஓடாது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் இருக்கும் கடலோரம் ஒரு மணல்மேடு. அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கும் மேற்கே களிமண் தாழ்நிலம். மேடவாக்கத்தில் பெய்த மழை கிழக்கே நேராகக் கடலுக்குப் போக வழியில்லை. செம்பாக்கம், மாடம்பாக்கம், நாராயணபுரம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்கிற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரம் வரை நடந்துதான் கடலைப் பார்க்க வேண்டும். புயல் நேரத்தில் கடல் ஏறி நின்றால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை மறந்துவிட்டீர்களா?

இதையெல்லாம் சொன்னால், "நீங்கள் வளர்ச்சிக்கு எதிரியா சார்?" என்று ஒரு கேள்வி வரும். சிமென்ட்டை நம்பிச் சோறு தின்கிறவன் நான், வளர்ச்சிக்கு எப்படி எதிரியாக இருப்பேன்? 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2021-இல் தாம்பரம் தனி மாநகராட்சியானது. வேலை இருக்கும் இடத்துக்கு மக்கள் வருவார்கள், வருகிறவர்களுக்கு வீடு வேண்டும். ஆனால் இங்கே நடக்கும் வாதம் வீடா வாத்தா என்கிற அளவில்தான் நிற்கிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் பள்ளிக்கரணைக்கு 2022-இல் கிடைத்தபோது பறவைகளுக்காகச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு, மனை விலை என்ன ஆகுமோ என்று பயந்தவர்களும் உண்டு. அந்தச் சதுப்பு நிலம் நம் வீட்டுத் தண்ணீரை வாங்கிக்கொள்கிற தொட்டி என்று பேசியவர்களைத்தான் அதிகம் காணோம். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று கூவம், அடையாறு ஓரத்திலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து குடிவைத்தோம். அவர்களுக்கு இங்கேயும் வெள்ளம்தான். இதை நினைத்தால் எனக்கு வாய் அடைத்துவிடும்.

அப்ரூவல் இருக்கிறது, வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது என்று காகிதத்தை நீட்டுகிறார்கள். வங்கி பார்ப்பது கடன் திரும்புமா என்பதை. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றே பல மனைப்பிரிவுகளுக்கு 'இந்த மட்டம் வரை நிரப்பிக்கொள்ளவும்' என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. அந்த ஒரு வரியைப் படித்தாலே நிலத்தின் குணம் தெரிந்துவிடும். யாரும் படிப்பதில்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். பங்குனி வெயிலில் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது ஏரியும் கிரிக்கெட் மைதானம்தான். ஐப்பசி, கார்த்திகையில், பெருமழை பெய்த மறுநாள் போங்கள். தரகரை விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். பால் போடுகிறவரிடமும் துணி தேய்க்கிறவரிடமும் 2015-இல் எதுவரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள், இடுப்பில் கைவைத்துக் காட்டுவார்கள். அந்தத் தெருவில் மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேல் இருந்தால் காரணம் இருக்கும். காலி மனையில் ஈரநிலத்துப் புற்களான கோரையும் சம்பும் முளைத்திருந்தால் நிலமே உங்களிடம் பேசுகிறது. பட்டாவோடு நின்றுவிடாமல், நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும், சர்வே எண்ணின் அளவைக் காட்டும் புலப்படத்தையும், கிராம வரைபடத்தையும் எடுங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி (சதுப்பு நிலம்) என்ற சொற்கள் உங்கள் சர்வே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுபது லட்சம் கொடுக்கிறவருக்கு அரை மணி நேரம் இல்லையா?

ஏற்கெனவே குடியிருப்பவர்களை நான் திட்டவில்லை. பலர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள். உங்களிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் வாயைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்தி இறுக மூடுங்கள். சம்ப்பில் வெள்ளம் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சம்ப்பைக் காலி செய்து கழுவிச் சுத்தம் செய்த பிறகே புதுத் தண்ணீர் பிடியுங்கள். செப்டிக் டேங்க்கை மழைக்கு முன்பே காலி செய்யுங்கள், வெளியே மட்டம் ஏறினால் கழிவறை வழியாகத் திரும்பி வரும். தரைத்தளத்து மின் இணைப்பைத் தனியாக நிறுத்த ஒரு சுவிட்ச் வையுங்கள். தெருவில் ரோடு போட வந்தால் பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று நின்று கேளுங்கள். 2021-இல் தலைமைச் செயலாளரே அப்படிச் செய்யச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறார். ஒப்பந்ததாரருக்கு அது நினைவிருக்காது, நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

முடிச்சூர்ப் பெரியவரிடம், ஒருமுறை அறுத்துத் தூக்கிய சுவரை மறுபடியும் அறுக்க நான் உடன்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு மாடிக்குக் குடிபோகச் சொன்னேன். "அவளுக்கு முழங்கால் வலி தம்பி, மாடி ஏற மாட்டாள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தம்பதியிடம், பத்திரப் பதிவைக் கார்த்திகை வரை தள்ளிவையுங்கள், ஒரு மழையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவணியில் நல்ல நாள் குறித்தாயிற்றாம்.