மெலோடிராமா: மிகையுணர்ச்சி நாடகமா, மெய்ப்பாட்டு நாடகமா?

அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு கட்டுரையில், ஜேம்ஸ் கேமரூனின் ‘டைட்டானிக்’ (1997) திரைப்படம் ‘வெறும் மிகையுணர்ச்சி நாடகம்’ என்று ஒரே தொடரில் ஒதுக்கப்பட்டிருந்தது. மெலோடிராமா என்னும் நாடக வகைப் பெயருக்கு நேராக ‘மிகையுணர்ச்சி நாடகம்’ என்னும் தொடரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒரு வகையின் பெயராக நிற்க வேண்டிய சொல் அந்த வகையின் மீதான தீர்ப்பாக நிற்கிறது என்பதே இதன் மீது எனக்குள்ள குறை.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் ‘மெலோஸ்’ என்றால் பாட்டு. அது நாடகத்தைக் குறிக்கும் சொல்லோடு கூடிப் பிரெஞ்சு வழியாகப் பரவியது. 1770இல் மேடையேறிய ரூசோவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தில் பேச்சும் இசையும் மாறி மாறி வந்தன. 1800இல் பிரெஞ்சு நாடகாசிரியர் பிக்செரேகூர் எழுதிய ‘கோலினா’வில் பேச இயலாத ஒருவர் முக்கியப் பாத்திரம், அவருடைய சைகைக்கு இசையே துணை. பேச்சு நிற்கும் இடத்தை இசையும் உடலும் ஏற்றுக்கொள்ளும் நாடகம் என்பதே சொல்லின் முதற்பொருள். மிகை என்னும் கருத்து அதில் எங்கும் இல்லை.

இனி ‘மிகை’ என்பதைப் பார்ப்போம். தமிழில் இச்சொல் வெறும் அளவைக் குறிப்பதன்று. வேண்டாதது, குற்றம் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்று வள்ளுவர் சொல்லும்போது, துறந்தவருக்கு உடம்புகூட வேண்டாத சுமை என்பதே பொருள். ஆகவே ‘மிகையுணர்ச்சி’ என்று எழுதிய கணமே, அங்குள்ள உணர்ச்சி தேவைக்கு மேற்பட்டது என்று வாசகரிடம் சொல்லி முடித்துவிடுகிறோம். எவருடைய தேவைக்கு, எந்த அளவுகோலின்படி என்று கேட்க இடமே இல்லை. உள்ளதை உயர்த்திச் சொல்லும் அணிக்கு ‘உயர்வு நவிற்சி’ என்று நிதானமாகப் பெயரிட்ட மொழியில், ஒரு நாடக வகைக்கு மட்டும் ஏன் வசைப்பெயர்?

ஆங்கிலத்திலும் அச்சொல் இகழ்ச்சியாகத்தானே வழங்குகிறது என்று இத்தொடரை ஆதரிப்போர் கேட்பர். வழங்குகிறது, ஆனால் அங்கே வகையைக் குறிக்கும் நடுநிலைப் பொருளும் உடன் வாழ்கிறது. ஆய்வாளர் ஒருவர் இகழ்ச்சியே இன்றி அதே சொல்லை நூல் முழுதும் ஆள முடியும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பொருளில் இகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டதால், மெலோடிராமாவைப் பற்றித் தமிழில் பழிக்காமல் எழுத வழியில்லாமல் போயிற்று. இந்தச் சோம்பல் இன்று பரவலாக உள்ளது: மூலச்சொல்லின் வரலாற்றை நோக்காமல், அன்றாடப் பேச்சில் அது எந்தத் தொனியில் ஒலிக்கிறதோ அதையே கலைச்சொல்லாக்கி விடுகிறார்கள்.

இதன் விளைவு ‘டைட்டானிக்’ போன்ற படங்களின் மேல் விழுகிறது. உலக அளவில் நூறு கோடி டாலர் வசூலைக் கடந்த முதல் படம் அது. 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஆயினும் அதைப் பார்த்து அழுதவர்கள் அதைச் சொல்லக் கூசும்படி ஏளனம் தொடர்கிறது. மூழ்கும் கப்பலிலிருந்து உயிர்காப்புப் படகில் நாயகி ரோஸ் இறக்கப்படும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மேல்தளத்தில் அவள் காதலன் ஜாக் நிற்கிறான். அவனுக்குப் பின்னே அபாய அறிவிப்பு வாணம் வெடித்துச் சிதறுகிறது. சுற்றியிருப்பவர்களின் கூச்சல் அடங்கி ஜேம்ஸ் ஹார்னரின் இசை மட்டும் ஒலிக்கிறது. ஒரு சொல்லும் இல்லாமல், அவள் மேலே பார்க்கும் பார்வையிலேயே முடிவு உருவாகிறது. மறுகணம் கப்பலுக்கே தாவித் திரும்புகிறாள். மெலோடிராமா தோன்றிய காலத்தின் இலக்கணம் அப்படியே இதில் இருக்கிறது. இதற்கு ‘மிகை’ என்று பெயரிடுவது, பாட்டைக் கேட்டுவிட்டு ‘இது பேச்சாக இல்லையே’ என்று குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? நேர்ப்பொருளில் ‘இசை நாடகம்’ என்று கொள்ள முடியாது. அப்பெயர் பாடல்களால் நடக்கும் மேடை மரபுக்கு ஏற்கெனவே உரியது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘மெய்ப்பாட்டு நாடகம்’. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியம் அதற்கென ஓர் இயலையே வகுத்து, எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை, அதாவது அது பிறக்கும் இடங்களை, கூறுகிறது: ‘இளிவே இழவே அசைவே வறுமையென’. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலை கெட்டு வருந்துதல், இல்லாமை.

இந்த நான்கையும் அப்படத்தில் காணலாம். செய்யாத திருட்டுக்காக விலங்கிடப்படும் ஜாக்கிடம் இளிவும், நள்ளிரவுக் கடலில் ரோஸிடம் இழவும், மூன்றாம் வகுப்பின் பூட்டிய கம்பிக் கதவுகளுக்குப் பின்னே வறுமையும் உள்ளன. அசைவுக்கு ரோஸின் தாய் ருத்தின் காட்சி போதும். மகளின் இடைக்கச்சின் நாடாக்களை இழுத்து இறுக்கியபடியே, குடும்பத்தில் பணம் இல்லை, செல்வந்தனான கால் ஹாக்லியுடன் நிச்சயித்த திருமணத்தை விட்டால் வழியில்லை என்கிறாள். தான் தையல்காரியாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமா என்று அவள் கேட்கும்போது குரல் உடைகிறது. கயிறு மட்டும் தளரவில்லை. தாயின் அச்சம் மகளின் உடலில் இறுக்கமாக விழுகிறது. மெய்ப்பாடு என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எல்லா நாடகத்திலும் மெய்ப்பாடு உண்டே என்னும் மறுப்பு நியாயமானது. ஆனால் பிறவற்றில் அது உரையாடலுக்குத் துணை. இங்கோ அதுவே முதன்மை மொழி. அந்தப் படத்தில் உண்மையிலேயே மிஞ்சிப்போன இடங்களும் உண்டு. மூழ்கும் கப்பலுக்குள் கால் ஹாக்லி கைத்துப்பாக்கியுடன் காதலர்களைத் துரத்துவது கதைக்கு வேண்டாதது. 14 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற அப்படத்துக்குத் திரைக்கதைப் பிரிவில் ஒன்றும் கிடைக்காததில் எனக்கு வியப்பில்லை. அத்தகைய காட்சியைச் சுட்டி ‘இங்கே உணர்ச்சி மிகையாகிவிட்டது’ என்று விமர்சகர் எழுதட்டும். வகையின் பெயர் நடுநிலையாக இருந்தால்தான் அந்தக் குற்றச்சாட்டுக்கும் பொருள் இருக்கும். மெய்ப்புப் பார்த்த கட்டுரையில் ‘மெய்ப்பாட்டு நாடகம்’ என்று திருத்தி, ‘வெறும்’ என்பதற்குக் காரணமான காட்சி எது என்று ஓரத்தில் கேட்டு அனுப்பியிருக்கிறேன்.