கழுவினால் போகிற அழுக்கு அல்ல அது

போன செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஒரு பெண் உள்ளே வந்தார். 42 வயது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். சாத்தியதும் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மேசையில் கவிழ்த்தார். அரிப்புக்குப் பூசும் ஆறு களிம்பு ட்யூப்கள். ஆறும் கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, அடியிலிருந்து சுருட்டப்பட்டவை.

"எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன் டாக்டரம்மா. தினமும் மூன்று வேளை கழுவுகிறேன். வெந்நீரில் கிருமிநாசினி ஊற்றித்தான் கழுவுகிறேன். இதற்கு மேல் எப்படிச் சுத்தமாக இருப்பது?" என்றவர் அழத் தொடங்கிவிட்டார்.

பரிசோதித்தால், பெண்ணுறுப்பின் தோல் நகக்கீறல் பட்டது போல மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கிறது. இடுப்பு மடிப்பு வரை சிவப்பு. விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்த்தோம்: 318. சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். எட்டு மாதமாக அரிப்போடு நடமாடியிருக்கிறார். அத்தனை மாதமும் வீட்டில் அவர் கேட்ட ஒரே அறிவுரை, "கொஞ்சம் சுத்தபத்தமாக இரு" என்பது.

அந்த வாரத்தில் இதே போல வந்தவர்களில் அவர் நான்காவது ஆள். பொறுமை போய்விட்டதால் எழுதுகிறேன்.

பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்று சுத்தமில்லாததால் வருவதில்லை. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. அந்த மூன்று பேரும் குளிக்காதவர்களா? கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து அழுக்கோடு ஒட்டிக்கொண்டு வருவதுமில்லை. நூறு பெண்களைச் சோதித்தால் 10 முதல் 20 பேருக்கு, எந்தத் தொல்லையும் இல்லாமலேயே அது உள்ளே இருக்கும். அப்படி இருப்பவருக்கு மருந்தே வேண்டாம். சர்க்கரை ஏறும்போது, கர்ப்பத்தின்போது, சளிக்கோ பல்வலிக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும்போது அது பெருகுகிறது. அவ்வளவுதான்.

கழுவுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் எதையாவது ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள். சோப்பு, கிருமிநாசினி, படிகாரத் தண்ணீர், உப்புத் தண்ணீர், வேப்பிலை கொதிக்கவைத்த நீர், இப்போது புதிதாகப் பூ வாசனையோடு பாட்டிலில் விற்கிற 'பெண்களுக்கான' திரவம். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அங்கே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள், தயிரை உறைய வைப்பவற்றின் உறவுக்காரர்கள். அவைதான் அந்த இடத்தைப் புளிப்பாக, 3.8 முதல் 4.5 வரையான அமில அளவில் (pH) வைத்துக் காவல் காக்கின்றன. நீங்கள் ஊற்றுகிற கிருமிநாசினிக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது. வாசலில் தண்ணீர் தெளிக்கிறோம் என்பதற்காக உலையில் கொதிக்கிற சோற்றிலும் கொண்டுபோய் ஊற்றுவோமா? வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர், ஒரு நாளைக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை. உள்ளே எதுவும் போகக் கூடாது. தயிரும் பூண்டும்கூடத்தான். தயிரின் உறவுக்காரர்கள் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு யாரும் தயிரைப் பூச வேண்டாம், அப்படியும் வந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. சோப்பும் கிருமிநாசினியும் அந்த மெல்லிய தோலை அரிக்க வைக்கும். அரிப்பதால் இன்னும் கழுவுவார். கழுவுவதால் இன்னும் அரிக்கும். பூஞ்சை போன பிறகும் அரிப்பு போகாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த வைத்தியம், சோப்பை நிறுத்துவது மட்டும்.

சரி, வெள்ளைப்படுதல் எல்லாமே நோயா? மாதவிடாய்க்கும் மாதவிடாய்க்கும் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக வருவது, மாதவிடாய்க்கு முன்னால் கொஞ்சம் கெட்டியாவது, கர்ப்பிணிகளுக்கு அதிகமாவது எல்லாம் இயல்பு. எலும்பு உருகித்தான் வெள்ளையாக வடிகிறது என்பார்கள். எலும்பும் உருகவில்லை, உடம்பும் உருகவில்லை. 'சூடு' என்று இளநீர் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது; இளநீர் நல்லதுதான். ஆறு மாதம் இளநீரிலேயே ஓட்டிவிட்டு ஏழாவது மாதம் வருவதில்தான் சண்டை.

பூஞ்சைக்கு முதல் அடையாளம் அரிப்பு. தூக்கத்தைக் கெடுக்கிற அரிப்பு. திரிந்த பால் போலத் திப்பி திப்பியாக வெள்ளை வரலாம், வராமலும் இருக்கலாம். சிறுநீர் பட்டால் எரியும், உடலுறவில் வலிக்கும். நாற்றம் பெரும்பாலும் இருக்காது. மீன் கவிச்சி போல வாடை அடித்துச் சாம்பல் நிறத்தில் நீர்த்து வந்தால், அது பாக்டீரியா சமநிலை குலைந்ததாக இருக்கலாம். மஞ்சள் கலந்த பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். எழுதும்போது இப்படிப் பளிச்சென்று பிரிந்துவிடுகிறது. நேரில் இருபது வருட அனுபவமும் சறுக்கும். வெள்ளைப்படுதலைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பல நேரம் சில நிமிடத்தில் பூஞ்சை இழை தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் தருகிற பச்சை நிற மருந்துப் பையில், பாக்டீரியாவுக்கும் ட்ரைக்கோமோனாஸுக்குமான செக்னிடசோலும் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலும் சேர்ந்து இருப்பதற்குக் காரணம், மைக்ராஸ்கோப் இல்லாத இடத்திலும் ஒருத்தி மருந்தில்லாமல் திரும்பக் கூடாது என்பதுதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது அந்த ஆறு ட்யூப்களை. ஆறில் நான்கு, மருந்துக்கடையில் 'அரிப்பு' என்ற ஒரே வார்த்தைக்குக் கிடைத்தவை. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் ஒரே குழாயில். பூசிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்கும். அடக்கியது ஸ்டீராய்டு. அதன் நிழலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து வெடிக்கும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018லேயே சேர்த்துவிட்டார்கள். பட்டியல் பட்டியலாகவே இருக்கிறது.

சரியான மருந்து எளிமையானது. க்ளோட்ரிமசோல் மாத்திரையை இரவு படுக்கும்போது உள்ளே வைப்பது. 500 மில்லிகிராம் என்றால் ஒரே இரவு, 100 என்றால் ஒரு வாரம். அல்லது ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், வாய்வழியாக ஒரே ஒரு முறை. உள்ளே வைக்க வேண்டிய மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு வந்தவர்கள் உண்டு. சிரிக்காதீர்கள். குற்றம், சீட்டில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு வாயால் சொல்லக் கூசிய எங்களுடையது. கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோலை விழுங்கக் கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்து, ஏழு நாள். சர்க்கரைக்கு க்ளிமிப்ரைடு சாப்பிடுபவர்களும் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் அதை என்னிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஃப்ளூகோனசோல் இரண்டோடும் மோதும். உள்ளே வைக்கும் மருந்துகள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் அது வேறு கணக்கு. முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை பார்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளாமல், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் (HbA1c) சேர்த்து. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிற டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வரும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். கூச்சத்தால் பாதிப் பேர் அவரிடம் சொல்வதே இல்லை. சில வகைக் கேண்டிடாவுக்கு ஃப்ளூகோனசோல் பலிக்காது. பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனை செய்தால்தான் தெரியும். தேவைப்பட்டால் வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதம் கொடுப்போம்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பாலியல் நோய்ப் பட்டியலில் இல்லை. மனைவிக்குப் பூஞ்சைத் தொற்று வந்தால் அதிலிருந்து நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் கிடையாது. உங்களுக்கும் அரிப்போ சிவப்போ இருந்தால் கூடவே வந்து காட்டுங்கள். இல்லையென்றால் வெளியே நாற்காலி இருக்கிறது, உட்காருங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, சர்க்கரை நோய் இல்லாதவரையில், பூஞ்சை அவ்வளவாக வராது. அந்த வயதில் அரிப்பு என்றால் தோல் வறட்சியாகவோ, வெள்ளைத் திட்டாகப் படரும் வேறு தோல் நோயாகவோ இருக்கலாம். எந்த வயதிலும் நாற்றத்தோடு நீர் வடிதல், உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் என்றால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள். 'வெள்ளைப்படுதல்தானே' என்று வருடக்கணக்கில் வீட்டிலேயே இருந்து, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயோடு வந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பருத்தி உள்ளாடை போடுங்கள். அதை நைட்டிக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாதீர்கள், ஈரம் போகாது. வெயிலில் போடுங்கள், யார் பார்த்தால் என்ன? வியர்த்து நனைந்த துணியை மாற்றுங்கள். மருத்துவரிடம் கிளம்புகிற நாளில், தயவுசெய்து உள்ளே கழுவிவிட்டு வராதீர்கள். முந்தின இரவு மருந்தும் வைக்காதீர்கள். கழுவிவிட்டு வந்தால் நான் எதை மைக்ராஸ்கோப்பில் வைப்பது? என் முன்னால் கூசவும் வேண்டாம். எனக்கு இது தொண்டை வலி பார்ப்பது போலத்தான்.

ஜவுளிக்கடைப் பெண்ணின் தகட்டில் இழை இழையாகப் பூஞ்சை தெரிந்தது. தொற்று கடுமையாக இருந்ததால் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஃப்ளூகோனசோல் கொடுத்தேன். சர்க்கரைக்குத் தனியாக மருந்து. கிருமிநாசினிப் பாட்டிலைக் கழிப்பறை தரைக்கு மாற்றச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து நேற்று வந்தார். சர்க்கரை இன்னும் 210. ஆனால் எட்டு மாதத்தில் முதல் முறையாக இரவு விழிக்காமல் தூங்கினாராம். போகும்போது கதவருகில் நின்று, கடையில் கூட வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே தொல்லை, அதே மாத்திரையை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதித் தர முடியாது, ஆளை அழைத்து வாருங்கள் என்றேன். சனிக்கிழமை வருகிறார்களாம்.